ஏற்றிய கொடியை இறக்கும் முறை

வாசகி கேள்வி (ராயபுரம்):

ஐயா, துறைமுகத்துக்கு அருகே ஒரு சிறிய தெருவில் குடியிருக்கிறோம். தெரு நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் தெருமுனையில் சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி வந்தார். கடந்த ஜூனில் காலமாகிவிட்டார். அவர் கதர்க் கடையில் வாங்கி வைத்திருந்த கொடியையே அவர் உடல்மீது போர்த்தப் பிள்ளைகள் எடுத்து வந்தபோது, தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர் கூடாது என்று தடுத்துவிட்டார். அந்த மனக்குறை பலருக்கு இன்னும் தீரவில்லை. ஆகஸ்ட் 15 அன்று அதே கொடியை ஏற்றினோம். இப்போதெல்லாம் இரவிலும் பறக்கலாம் என்று யாரோ சொன்னதால் இறக்காமல் விட்டுவிட்டோம். மூன்று வாரக் கடற்காற்றில் ஓரம் கிழிந்து பச்சைப் பட்டை நார்நாராகிவிட்டது. எரித்துவிடலாம் என்கிறார் ஒருவர். எரித்தால் வழக்கு வரும் என்கிறார் இன்னொருவர். காசிமேட்டில் கடலில் விட்டுவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். பழைய சாமி படத்தை வைப்பதுபோல் அரசமரத்தடியில் வைத்துவிடலாம் என்கிறார் என் மாமியார். கிழிந்ததை வெட்டிவிட்டு மடித்துத் தைத்துத் தருகிறேன் என்கிறார் தையற்காரர். இது போதாதென்று, தெருவில் கிடந்த சின்னச் சின்னக் கொடிகளைப் பிள்ளைகள் பொறுக்கி ஒரு சாக்கு நிறையச் சேர்த்திருக்கிறார்கள். வரும் ஜனவரி 26 அன்று நைனாவின் மனைவியைக் கொண்டு, நாங்கள் ஆயா என்று அழைப்பவர், கொடியேற்ற ஆசைப்படுகிறோம். கணவரை இழந்தவர் ஏற்றலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். வழி சொல்லுங்கள்.

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிழிந்திருப்பது கடையில் வாங்கிய ஏதோ ஒரு கொடி என்றால் நான்கு வரியில் பதில் எழுதியிருப்பேன். ஒரு மனிதர் முப்பது ஆண்டு கையாண்ட கொடி என்பதால், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், சட்டம் விட்ட இடத்தில் எனக்குச் சரியென்று படுவது என்ன என்பதையும் தனித்தனியாகவே சொல்ல விரும்புகிறேன்.

எதற்கும் முன்னால், கொடி இன்னும் கம்பத்தில் இருந்தால் இன்று மாலையே இறக்கிவிடுங்கள். கிழிந்த, கசங்கிய, நைந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்பது தெளிவான விதி. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

எரிக்கலாம் என்றவரும் எரித்தால் வழக்கு என்றவரும் ஆளுக்கொரு பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். கொடியைப் பற்றி நம் நாட்டில் முக்கியமாக இரண்டு ஆவணங்கள் உள்ளன. ஒன்று, தேசிய மரியாதைக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் சட்டம், 1971. பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் வேறு இடத்திலோ தேசியக் கொடியை எரிப்பது, சிதைப்பது, கறைப்படுத்துவது, மிதிப்பது, சொல்லாலோ செயலாலோ இழிவுபடுத்துவது ஆகியவற்றுக்கு அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. மற்றொன்று, 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, மத்திய அரசு வகுத்த நெறிமுறை. சேதமடைந்த கொடியை ஓரமாகத் தூக்கிப் போடக் கூடாது, தனிமையில் முழுமையாக அழித்துவிட வேண்டும், எரிப்பது விரும்பத்தக்கது, அல்லது கொடியின் மாண்புக்கு ஒத்த வேறு முறையைக் கையாளலாம் என்று இந்தத் தொகுப்புதான் சொல்கிறது. ஆக, ஒன்று தண்டிக்கும் அதே செயலை மற்றொன்று பரிந்துரைப்பதுபோல் தோன்றுகிறது. இரண்டையும் பிரிக்கும் சொல் ‘தனிமை’ என்பது. நாலு பேர் பார்க்கத் தெருவில் எரிப்பது ஒரு செயல். வேலை முடிந்த கொடியை வீட்டுக்குள் மரியாதையோடு எரித்து முடிப்பது முற்றிலும் வேறு செயல்.

வழக்கு என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் தெருவில் எழுந்த கலக்கத்தை நான் உணர்கிறேன். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது எண்ணத்தை. 2013 கிறிஸ்துமஸ் அன்று கோவையில் ஒரு விழாவில் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் தீட்டிய பெரிய கேக்கை வெட்டியதற்காகத் தொடரப்பட்ட வழக்கை, 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே கூடியிருந்தவர்களுக்கு நாட்டை இழிவுபடுத்தும் எண்ணம் துளியும் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அதற்காக எண்ணம் நல்லதாக இருந்தால் எதையும் செய்யலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனக்குறைவுக்கும் அவமதிப்புக்கும் நீதிமன்றம் வேறுபாடு பார்க்கிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். அன்போடு ஏற்றி, அறியாமையால் இறக்கத் தவறிய உங்கள்மீது குற்றம் எதுவும் இல்லை.

இனி, வெட்டித் தைத்துத் தருகிறேன் என்ற தையற்காரரின் யோசனை. அவர் நல்ல மனத்தோடு சொல்லியிருக்கிறார், ஆனாலும் வேண்டாம். கொடி எந்த அளவில் இருந்தாலும் நீளத்துக்கும் அகலத்துக்கும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் இருக்க வேண்டும். உங்கள் கொடி தெருக்கம்பங்களில் வழக்கமாகக் காணும் 900க்கு 600 மில்லிமீட்டர் அளவு, அதாவது மூன்றடிக்கு இரண்டடி என்று வைத்துக்கொள்வோம். கிழிந்த ஓரத்தில் அரை அடியை வெட்டினால் நீளம் இரண்டரை அடியாகிவிடும். நடுவில் இருக்க வேண்டிய சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அது பார்ப்பதற்குக் கொடிபோல் இருக்கும், ஆனால் நம் கொடியாக இருக்காது. ஓரத்தையல் ஒரு விரற்கடை பிரிந்திருந்த காலத்திலேயே அதே நிற நூலால் ஓட்டுத்தையல் போட்டிருந்தால் அதில் தவறில்லை என்பது என் கருத்து. பட்டை நார்நாரான பிறகு தையலுக்கு வேலை இல்லை.

அந்தச் சக்கரம் நடுவில் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு, அதை உங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். 1921இல் விஜயவாடாவில் பிங்கலி வெங்கய்யா காந்தியடிகளிடம் கொடுத்த வடிவத்திலிருந்து வளர்ந்து, 1931இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட காவி, வெள்ளை, பச்சைக் கொடியின் நடுவில் இராட்டைதான் இருந்தது. எந்த வண்ணமும் எந்தச் சமயத்தாரையும் குறிக்கவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு இன்றைய கொடியை முன்மொழிந்தபோது இராட்டையின் இடத்தில், சாரநாத் சிங்கத்தூணில் உள்ள சக்கரம் வந்தது. கொடியின் ஒரு பக்கத்தில் தெரிவது மறுபக்கத்திலும் அப்படியே தெரிய வேண்டும், இராட்டையை வரைந்தால் மறுபக்கம் திரும்பித் தெரியும் என்ற எளிய காரணத்தையும் அவர் சொன்னார். கருநீல நிறம், 24 ஆரங்கள், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றே. அதே நாளில் பேசிய டாக்டர் இராதாகிருஷ்ணன் காவியைத் துறவுக்கும், வெள்ளையை வாய்மையின் ஒளிக்கும், பச்சையை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவுக்கும் பொருத்திக் காட்டினார். எல்லா உயிர்களும் பயிரைச் சார்ந்தே வாழ்கின்றன என்றார். காற்றில் நைந்துபோன உங்கள் பச்சைப் பட்டைக்கு அவர் தந்த பொருள் அதுதான். ஒரு பட்டை போனால் கொடி சொல்ல வந்ததில் ஒரு பங்கு போய்விடுகிறது. சிதைந்த கொடியைப் பறக்கவிடாதே என்ற விதியை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கடலில் விடுவதும் கூடாது. கொடி வேண்டுமென்றே தரையில் படவோ நீரில் இழுபடவோ விடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதற்கு மேல், கடலில் போட்டது கரைக்குத் திரும்பும் என்பது காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். யாரோ ஒருவர் வலையில் சிக்கி, மீன் கழிவோடு சேர்ந்து, ஏலக்கூடத்தின் சிமென்ட் தரையில் அந்தக் கொடி கிடக்கும் காட்சியை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படகில் கொடி கட்டும் வழக்கம் அவர்களிடம் இருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: படகின் மேற்புறத்திலோ பக்கவாட்டிலோ பின்புறத்திலோ கொடியைப் போர்த்துவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

மாமியார் சொன்ன அரசமரத்தடி யோசனையில் ஒரு பக்தி இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மரத்தடியில் வைத்த சாமி படங்கள் மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, நாய்கள் புரளும் இடத்தில் கிடப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். வைத்துவிட்டு வருகிறோம் என்று நாம் நினைத்தாலும் கைவிட்டு வருகிறோம் என்பதே உண்மை. விதித்தொகுப்பு விலக்குவதும் அதையே. இந்த இடத்தில் மாமியாருக்கு இன்னொன்றைச் சொல்லலாம். திருவொற்றியூர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேற்றம் நடக்கிறது என்றால் விழா முடிவில் கொடியிறக்கமும் உரிய முறையோடு நடக்கிறது. தேவாலயத் திருவிழாவிலும் தர்கா சந்தனக்கூட்டிலும் அப்படியே. வடசென்னையில் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் கொடியேற்றத்தில் தொடங்கிக் கொடியிறக்கத்தில் முடியும் நாட்களைக் கண்டே வளர்ந்திருப்பார். தேசியக் கொடிக்கும் அந்தக் கடைசிச் சடங்கு உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். கொடியை விரைந்து ஏற்ற வேண்டும், மெதுவாகவும் மரியாதைச் சடங்கோடும் இறக்க வேண்டும் என்று விதித்தொகுப்பு சொல்கிறது. ஏற்றும்போது காட்டாத நிதானத்தை இறக்கும்போது கேட்கிற அந்த வரியை நான் பல முறை நின்று படித்திருக்கிறேன்.

அதைப் படிக்கும்போதெல்லாம் நான் படித்த பள்ளியின் காவலாளி நினைவுக்கு வருவார். காலையில் ஏற்றும்போது தலைமையாசிரியர், சாரணர், பாட்டு, மிட்டாய் எல்லாம் உண்டு. மாலையில் இறக்கும்போது அவர் மட்டும்தான் இருப்பார். பந்து விளையாடிவிட்டுத் திரும்பும் நாங்கள் ஒன்றிரண்டு பேர் பார்ப்போம். செருப்பைக் கழற்றி மேடைக்குக் கீழே வைப்பார். இடது கையால் கயிற்றைச் சாண் சாணாக விட்டுக்கொண்டே வருவார்; துணி தலைக்கு மேலே வந்ததும் வலது கையை நீட்டி முன்னங்கையில் வாங்கிக்கொள்வார்; தரையில் ஒரு நூலும் படாது. பிறகு கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கட்டிவிட்டு, மடித்த கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போவார். அவருக்கு யாரும் விதித்தொகுப்பைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. அது அப்போது இல்லவே இல்லை.

உங்கள் கொடியையும் அப்படி இறக்குங்கள். இருவர் சேர்ந்து, ஒரு சுத்தமான பாயிலோ மேசையிலோ கிடைமட்டமாக விரியுங்கள். காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் வெள்ளைக்கு அடியில் போகுமாறு மடியுங்கள். பிறகு வெள்ளைப் பட்டையின் இரு முனைகளையும் உள்நோக்கி மடித்தால் சக்கரம் மட்டும், மேலும் கீழும் சிறிது காவியும் பச்சையும் தெரிய, மேலே நிற்கும். உள்ளங்கைகளிலோ முன்னங்கைகளிலோ ஏந்தி எடுத்துச் செல்ல வேண்டும். பிரிந்த நார்களையும் சேர்த்தே மடியுங்கள், பிய்த்தெறிய வேண்டாம்.

மடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன். விதியின் எழுத்துப்படி சேதமடைந்த கொடியை அழித்துவிடுவதே முறை. ஆனால் அந்த விதி தடுக்க விரும்புவது சிதைந்த கொடி மக்கள் கண்ணில் படுவதையும் குப்பையில் சேர்வதையும்தான் என்று நான் கருதுகிறேன். நைனாவின் கொடியை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் வைத்து, ஆயாவின் வீட்டில் பாதுகாக்க அவர் விரும்பினால், அதில் அவமதிப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் அதே கோட்டையில் ஏற்றப்பட்ட கொடியைக் கண்ணாடிக்குள் வைத்துக் காத்து வருகிறார்கள். பட்டுத்துணி, 12 அடி நீளம், 8 அடி அகலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளை அழைத்துப் போய் அதன் முன் சிறிது நேரம் நிற்கச் சொல்லுங்கள். 1932 ஜனவரி 26 அன்று ஆர்யா என்ற பாஷ்யம், நூறடிக்கு மேல் உயர்ந்திருந்த அந்தக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி, வெள்ளையர் ஆட்சியிலேயே மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். பிடிபட்டால் என்ன நேரும் என்று தெரிந்தே அவர் ஏறினார்.

பாதுகாக்க வழியில்லை, முறைப்படி முடித்துவிடலாம் என்று ஆயா சொன்னால், கதர்த்துணி என்பதால் எரிப்பதே நல்லது. இடம் கொல்லைப்புறமாகவோ உள்முற்றமாகவோ இருக்கட்டும். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் உள்ள நம் பகுதியில் மொட்டை மாடி தனிமையான இடம் அல்ல. பக்கத்து மாடியில் துணி காயப்போடுபவர் கண்ணில் பட்டாலே பொதுமக்கள் பார்வை என்ற கேள்வி எழக்கூடும். சுத்தமான அகன்ற மண் சட்டியில், மடித்த நிலையிலேயே வைத்து, முழுவதும் சாம்பலாகும்வரை உடனிருங்கள். பாதி கருகிய துணி மிஞ்சக் கூடாது. சாம்பலை ஒரு செடியின் வேரில் புதைத்துவிடலாம். இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்: யாரும் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம். எரியும் கொடியின் பத்து வினாடிக் காட்சி, காரணம் எதுவும் இல்லாமல் கைக்குக் கை மாறும்போது, நீங்கள் தனிமையில் செய்தது பொதுவெளிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எண்ணத்தை நிரூபிக்க நீங்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைய நேரும்.

சாக்கில் சேர்த்த சிறு கொடிகளைப் பிரித்துப் பாருங்கள். காகிதக் கொடிகளை விழா முடிந்ததும் தரையில் வீசக் கூடாது, தனிமையில் மாண்போடு அழிக்க வேண்டும் என்பதே விதி, எனவே அவற்றை மேலே சொன்னபடி எரித்துவிடலாம். 2021 டிசம்பர் 30 முதல் இயந்திரத்தில் நெய்த கொடிக்கும் பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி உண்டு. அவற்றில் கிழியாதவற்றைத் துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு உதவும். துவைப்பதையோ இஸ்திரி போடுவதையோ எந்த விதியும் தடுக்கவில்லை. கிழிந்த பாலியஸ்டரை எரித்தால் அது உருகிச் சொட்டும், புகையும் மூச்சுக்குக் கெடுதி. துணியில் சுற்றி ஆழமாகப் புதைப்பதே அதற்கு ஏற்றது. பிளாஸ்டிக் கொடியை வாங்காமலே இருங்கள். அதை மரியாதையாக முடிக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அந்தக் கொடிகளைப் பொறுக்கிய பிள்ளைகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கால்படும் இடத்திலிருந்து அவற்றை எடுத்ததே அவர்கள் செய்த முதல் மரியாதை.

இரவில் பறக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில். முன்பு சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை மட்டுமே பறக்கலாம் என்றிருந்தது. 2022 ஜூலையில் செய்த திருத்தத்தின்படி திறந்த வெளியிலும் பொதுமக்கள் வீடுகளிலும் பகலும் இரவும் பறக்கலாம். உங்களுக்குச் சொன்னவர் சரியாகவே சொன்னார். ஆனால் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும். கயிறு கோத்த ஓரம் தாங்கி நிற்க, எதிர் ஓரம் இரவு முழுவதும் சாட்டைபோல் அடித்துக்கொண்டே இருக்கும். கதர் அதைத் தாங்காது. உங்கள் தெருவுக்குக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் பழைய வழக்கமே நல்லது. அதே கம்பத்தில் சங்கக் கொடியோ கால்பந்துக் குழுவின் கொடியோ கட்டும் பழக்கம் இருந்தால் அன்று அவை இருக்கக் கூடாது. ஒரே கம்பத்தில் தேசியக் கொடியோடு வேறு கொடி பறக்கக் கூடாது.

இப்போது நைனாவின் இறுதி ஊர்வலம். ஓய்வுபெற்ற அந்தத் தலைமைக் காவலர் தடுத்தது சரி. அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கிலும், முப்படையினர், துணை இராணுவப் படையினர் இறுதிச் சடங்கிலும் அன்றி வேறு எவருக்கும் கொடியைப் போர்த்துவதைச் சட்டம் அவமதிப்பாகவே வகைப்படுத்துகிறது. அனுமதி உள்ள இடத்திலும் காவிப் பட்டை தலைப்பக்கம் இருக்க வேண்டும், கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது, முன்பே எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளின் அன்பில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் யார் மீது போர்த்துவது என்பதை ஒவ்வொரு தெருவும் தானே முடிவு செய்யத் தொடங்கினால், நாளை பணமும் செல்வாக்கும் உள்ளவர் எவரும் கொடியைத் தம் மாலையோடு சேர்த்துக்கொள்வார். அந்த எல்லையை அவர்கள் அன்று ஏற்றுக்கொண்டதை நான் ஒரு பெருமையாகவே கருதுகிறேன். 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் கொடியை விடாத குமரனுக்குத் தமிழ்நாடு கொடிகாத்த குமரன் என்று பெயர் வைத்தது. கையில் பிடித்திருந்ததற்காகவே அந்தப் பெயர் அவருக்கு நிலைத்தது. உங்கள் நைனாவும் முப்பது ஆண்டு கையில் பிடித்திருந்தார். அவர் உடல்மீது கொடி கிடக்கவில்லை என்பதால் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை என்று பிள்ளைகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆயா கொடியேற்றலாமா? தாராளமாக ஏற்றலாம். இதைக் கேள்வியாகக் கேட்க நேர்ந்ததே எனக்கு வருத்தம் தருகிறது. ஆண், பெண், மணமானவர், துணையை இழந்தவர் என்ற பாகுபாடு சட்டத்திலும் இல்லை, விதித்தொகுப்பிலும் இல்லை. யார் ஏற்றுவது என்பது காலந்தோறும் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. சுதந்திர தினத்தில் மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்களே ஏற்றி வந்த கொடியை, அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி மத்திய அரசிடம் எடுத்துச் சொல்லி உரிமை கேட்டதன் பயனாக, 1974 ஆகஸ்ட் 15 முதல் முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். 2002 வரை பொதுமக்கள் ஆண்டில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே ஏற்ற முடிந்தது. நவீன் ஜிண்டால் தொடர்ந்த வழக்கில் 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடும் மாண்போடும் தேசியக் கொடியைப் பறக்கவிடுவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவின்கீழ் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஆயா ஒரு குடிமகள். அதற்கு மேல் அவருக்குத் தகுதி எதுவும் தேவையில்லை. தயங்குபவர்களிடம் இதைப் பணிவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொல்லுங்கள்.

அவருடைய வயதை நினைத்து ஒன்று சொல்கிறேன். சுதந்திர தினத்தில் கொடியைக் கீழிருந்து மேலே இழுத்து ஏற்றுவது வழக்கம். குடியரசு தினத்தில் சுருட்டிய கொடியை முன்பே உச்சியில் கட்டி வைத்துக் கயிற்றைச் சுண்டி விரியச் செய்வார்கள். ஆகவே ஜனவரி 26 அன்று அவர் பலமாக இழுக்க வேண்டிய அவசியம் இருக்காது. புதுக் கொடி வாங்கும்போது விகிதத்தையும், சக்கரம் இரு பக்கமும் தெளிவாக இருப்பதையும் பார்த்து வாங்குங்கள். கட்டும்போது காவி மேலே இருக்கிறதா என்று இருவர் பாருங்கள். உள்ளே ஒரு கைப்பிடி பூவிதழ் வைக்கலாம். கொடிக்குள் எதையும் சுமக்கக் கூடாது என்று சொல்லும் சட்டமே இத்தகைய விழா நாட்களில் பூவிதழுக்கு மட்டும் விலக்குத் தந்திருக்கிறது. அதிகம் வைத்தால் முடிச்சு இறுகும். ஒற்றைச் சுருக்கு முடிச்சாகப் போட்டு, தொங்கும் கயிற்றை முந்தின நாள் ஆயாவின் கையிலேயே கொடுத்து ஒருமுறை சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவிழ்த்துவிட்டு, விழா நாள் காலையில் புதிதாகக் கட்டுங்கள். இரவே கட்டி வைத்தால் தை மாதப் பனியில் நூல்கயிறு நனைந்து இறுகிவிடும். அவர் கைக்கு அவிழாது.